அளந்து கொடுத்த கதிர்

வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்க்களங்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் வரலாறு கற்பித்த நானும் பெரும்பாலும் அவற்றையே கற்பித்தேன். ஆயினும், மருத்துவமனையில் ஒரு நோயாளிக்கு அளிக்கப்படும் சிகிச்சைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை அறியாமற் போவதால் சில வேளைகளில் உயிரே போய்விடுகிறது. இதனை நான் நூலிலிருந்து அறியவில்லை. என் வீட்டில் கண்டறிந்தேன்.

1973-ஆம் ஆண்டில் நான் உயர்நிலைப் பள்ளி மாணவன். என் தந்தையாரின் தமக்கையார், எங்களுக்கு அத்தை, வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்து மெல்லும் பழக்கம் உடையவர். அவருடைய கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண் தோன்றி மாதக்கணக்கில் ஆறாமல் இருந்தது. நகரத்து மருத்துவர்கள் அது புற்று என்றும், ஆறு வாரங்களுக்கு மேல் தங்கிச் சிகிச்சை பெற வேண்டும் என்றும் கூறினர். கதிர்வீச்சு என்ற சொல் எங்கள் ஊரை அப்போது எட்டவில்லை. ‘கரண்டு வைப்பது’ என்றே அதனைச் சொன்னார்கள். இன்றும் பல ஊர்களில் அதற்கு அதுவே பெயர்.

பதினான்காம் நாள் அத்தை ஊர் திரும்பிவிட்டார். வாயெல்லாம் வெந்து சோறு இறங்கவில்லை. கன்னத்தின் தோல் கறுத்துவிட்டது. ஆனால் பழைய புண் சுருங்கியிருந்தது. “புண்தான் ஆறி வருகிறதே, இனி எதற்குப் போக வேண்டும்?” என்றார். என்னை அருகில் அழைத்து, “ஏண்டா தம்பி, நீ படிக்கிற பிள்ளைதானே? வைக்கிற கரண்டை ஒரே நாளில் வைத்து அனுப்பிவிடக் கூடாதா? தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஏன் வைக்கிறார்கள்?” என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. வீட்டில் இருந்த பெரியவர்களுக்கும் தெரியவில்லை. அறுவடைக் காலமும் வந்தது. அத்தை மீண்டும் மருத்துவமனைக்குச் செல்லவில்லை. அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

அத்தை கேட்ட கேள்வி அறியாமையால் கேட்கப்பட்ட எளிய கேள்வி என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். பின்னர் ஆசிரியப் பயிற்சி பெற்று, பள்ளியில் பணியேற்று, நூலகங்களில் படிக்கத் தொடங்கிய பிறகுதான், ஐரோப்பாவின் பெரும் மருத்துவ அறிஞர்களும் அதே கேள்வியோடு கால் நூற்றாண்டுக்கு மேல் போராடினர் என்பதை உணர்ந்தேன். அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் ஜெர்மனியில் வூர்ட்ஸ்புர்க் நகரத்துப் பௌதிகப் பேராசிரியர் வில்ஹெல்ம் கான்ராட் ராண்ட்ஜன், காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குழாயில் மின்சாரத்தைச் செலுத்திச் சோதனை செய்துகொண்டிருந்தார். குழாயைக் கறுப்பு அட்டையால் மூடியிருந்தும், சற்றுத் தொலைவில் இருந்த ஒரு திரை ஒளிர்ந்தது. கண்ணுக்குப் புலப்படாத ஏதோ ஒன்று அட்டையை ஊடுருவி வருகிறது என்று கண்ட அவர், அதன் இயல்பு தெரியாமையால் ‘எக்ஸ்’ என்று பெயரிட்டார். அவ்வாண்டின் இறுதிக்குள் தம் மனைவியாரின் கையை அக்கதிரால் படம் பிடித்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் அப்படத்தில் தெரிந்தன. பௌதிகத்துக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் அவருக்கே கிடைத்தது. தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை கோரவில்லை. உலகம் முழுவதும் அதனைத் தடையின்றிப் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார்.

செய்தி பரவிய சில மாதங்களிலேயே மருத்துவர்கள் அக்கதிரை நோயின்மேல் செலுத்திப் பார்க்கலாயினர். பிரான்சில் லியோன் நகர மருத்துவர் விக்டர் தெப்பேன், 1896 ஜூலையில் இரைப்பைப் புற்றுநோயாளி ஒருவருக்கு எக்ஸ் கதிர் அளித்தார். அதே ஆண்டில் வியன்னாவில் லியோபோல்ட் ஃபிராய்ண்ட் என்ற மருத்துவர், முதுகில் மயிரடர்ந்த பெரிய மச்சத்தோடு பிறந்த ஐந்து வயதுச் சிறுமிக்கு அக்கதிரை அளித்தார். மயிர் உதிர்ந்தது. ஆனால் அவ்விடத்தில் ஆழமான புண்ணும் உண்டாயிற்று. கதிரின் இரு முகங்களும் அந்த ஒரு குழந்தையின் முதுகிலேயே வெளிப்பட்டுவிட்டன. அச்சிறுமி முதுமை வரை வாழ்ந்தார் என்பது நமக்கு ஆறுதல் தரும் செய்தி. 1899-இல் ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில், தோலில் தோன்றிய புற்றுநோய் எக்ஸ் கதிரால் குணமாக்கப்பட்டது.

இதற்கிடையே பாரிஸில் மற்றொரு வியப்பு நிகழ்ந்தது. 1896-இல் ஹென்ரி பெக்கரெல் என்பவர் யுரேனியம் தானாகவே கதிரை வீசுவதைக் கண்டார். அதனைத் தொடர்ந்து ஆராய்ந்த மேரி கியூரி அம்மையாரும் அவர் கணவர் பியர் கியூரியும் 1898-இல் பொலோனியம், ரேடியம் என்னும் இரு தனிமங்களை அறிவித்தனர். அதனை மெய்ப்பிப்பதற்காக மழைக்கு ஒழுகும் கொட்டகை ஒன்றில், டன் கணக்கான கனிமக் கழிவைக் காய்ச்சியும் வடித்தும் படிகமாக்கியும் அம்மையார் உழைத்தார். 1902-இல் அவர் கையில் எஞ்சியது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு! இந்தத் தம்பதியரும் தாங்கள் கண்ட முறைக்குக் காப்புரிமை பெறவில்லை.

ரேடியம் சதையைத் தாக்கும் என்பது தற்செயலாக வெளிப்பட்டது. 1901-இல் பெக்கரெல், ரேடியம் அடங்கிய சிறு குழாயைச் சட்டைப் பையில் வைத்துச் சென்றார்; சில நாள்களில் அவ்விடத்தில் தோல் சிவந்து புண்ணாயிற்று. பியர் கியூரியோ, வேண்டுமென்றே தம் கையின்மீது ரேடியத்தை வைத்துப் புண் உண்டாகி ஆறுவதைக் குறித்துவைத்தார். நலமான தோலைச் சுடும் பொருள் நோயுற்ற தோலையும் சுடும் அல்லவா? பாரிஸின் புனித லூயி மருத்துவமனையில் தான்லோ என்ற மருத்துவர், கியூரி தம்பதியரிடம் பெற்ற ரேடியத்தால் தோல் நோய்க்குச் சிகிச்சை தொடங்கினார். ரேடிய சிகிச்சையைப் பிரெஞ்சு மக்கள் ‘கியூரி சிகிச்சை’ என்றே அழைத்தனர்.

ஆனால், நண்பர்களே, அக்காலத்தில் கதிரை அளக்கத் தக்க கருவி இல்லை. மருத்துவர்கள் தம் கையையே குழாயின் முன் நீட்டி அதன் வலிமையைச் சோதித்தனர். அதன் விலை கொடியது. அமெரிக்காவில் தாமஸ் எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, கதிரால் கைகளை இழந்து 1904-இல் உயிர் துறந்தார். உதவியாளருக்கு நேர்ந்த கேட்டைக் கண்ட எடிசன் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1936-இல் எழுப்பப்பட்ட நினைவுத்தூணில், இவ்வாறு மாண்ட பல நாட்டு மருத்துவர்கள், ஆராய்ச்சியாளர்கள், செவிலியர்கள் ஆகியோரின் பெயர்கள் நூற்றுக்கு மேல் பொறிக்கப்பட்டன. மேரி கியூரி அம்மையாரும் 1934 ஜூலை 4-ஆம் நாள், எலும்பு மச்சையில் இரத்தம் ஊறாமற்போகும் நோயால் காலமானார். பல்லாண்டுகள் கதிரோடு பழகியதன் விளைவே அந்நோய் என்பது பொதுவான கருத்து.

நோயாளிகளின் நிலை என்ன? இங்கேதான் என் அத்தையின் கேள்வி எழுகிறது. கதிர் புற்றை அழிக்கிறது. ஆனால் அதனைச் சூழ்ந்துள்ள நல்ல சதையையும் அழிக்கிறது. குறைவாகக் கொடுத்தால் புற்று மீண்டும் வளர்கிறது. மிகுதியாகக் கொடுத்தால் நோயோடு நோயாளியும் வேகிறார். என்ன செய்வது? புற்றின் உயிரணுக்கள் தாம் தாக்கப்பட்டதை உணர்ந்து தற்காத்துக்கொள்ளுமுன், பெருமளவு கதிரை ஒரே அமர்வில் செலுத்தி முடித்துவிட வேண்டும் என்று ஒரு சாரார் வாதிட்டனர். ஜெர்மனியின் எர்லாங்கன் நகர மருத்துவர்களான சைட்ஸும் வின்ட்ஸும் இக்கொள்கையில் புகழ் பெற்றவர்கள். அத்தை நினைத்ததும் அதுவே: ஒரே நாளில் வைத்துத் தீர்த்துவிடலாகாதா?

இதற்கு விடை, ஓர் ஆட்டுக்கிடாவிடமிருந்து கிடைத்தது என்றால் நீங்கள் வியப்படைவீர்கள்.

1906-இல் பிரான்சின் போர்தோ நகரில் பெர்கோனியே, த்ரிபோந்தோ என்ற இருவர் ஓர் உண்மையைக் கூறினர். இடைவிடாது பிரிந்து பெருகும் உயிரணுக்களே கதிரால் எளிதில் தாக்குறும் என்பது அது. புற்றின் உயிரணுக்கள் அத்தகையவை. இவ்வுண்மையைப் பற்றிக்கொண்டு முன்னேறியவர் குளோதியஸ் ரெகோ என்னும் லியோன் நகரத்து அறிஞர். பாரிஸில் 1914-இல் ரேடியம் கழகத்தின் கட்டடம் எழுந்தபோது, அதன் ஒரு பகுதி மேரி கியூரியின் பௌதிக ஆய்வுக்கும், மற்றொரு பகுதி ரெகோவின் உயிரியல் ஆய்வுக்கும் ஒதுக்கப்பட்டது. முதல் உலகப் போர் குறுக்கிட்டது. போர் முடிந்தபின் பணி விரைவுற்றது.

ரெகோ கிடாவின் விதையை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார். அங்கே உயிரணுக்கள் ஓயாது பிரிந்து பெருகுகின்றன. ஆதலால் அதனைப் புற்றுக்கு ஒப்பாகக் கொண்டார். அதனை மூடியுள்ள தோலை, புற்றைச் சூழ்ந்த நல்ல சதைக்கு ஒப்பாகக் கொண்டார். பெருமளவு கதிரை ஒரே முறையில் செலுத்தியபோது, உள்ளே உயிரணுப் பெருக்கம் முற்றும் நிற்பதற்கு முன்னரே மேல்தோல் கடுமையாக வெந்து கெட்டது. ஆனால் கதிரைச் சிறுசிறு பங்குகளாகப் பிரித்து, நாள் இடைவெளி விட்டுச் செலுத்தியபோது, உள்ளே பெருக்கம் முழுவதும் நின்றது. மேல்தோலோ பெருங்கேடின்றித் தப்பியது. மருத்துவ உலகம் தேடிக்கொண்டிருந்த திறவுகோல் இதுவே.

ரெகோவின் கழகத்தில் பணியாற்றிய ஹென்ரி கூத்தார் என்ற மருத்துவர் இம்முறையை மனிதருக்குக் கையாண்டார். தொண்டையிலும் குரல்வளையிலும் புற்று முற்றியவர்களுக்கு, பல வாரங்கள் நாள்தோறும் சிறு அளவில் கதிரை அளித்தார். அவ்வாறு குணமடைந்தவர்களைப் பற்றி 1922-இல் பாரிஸில் கூடிய மருத்துவ மாநாட்டில் அவர் எடுத்துரைத்தார். தொண்டையை அறுத்து நீக்காமலே அந்நோயைத் தீர்க்க முடியும் என்பது அன்று பெரும் புதுமை. சிறிது சிறிதாக உலகெங்கும் இம்முறையே நிலைபெற்றது.

இதன் காரணத்தை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். கதிர், உயிரணுவின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ. என்னும் இழையைத் துண்டிக்கிறது. நல்ல உயிரணுவுக்குத் தன் இழையைச் செப்பனிட்டுக்கொள்ளும் திறம் மிகுதி. சில மணி நேரம் ஓய்வு கிடைத்தால் அது தன் காயத்தின் பெரும்பகுதியைச் சரிசெய்துகொள்ளும். புற்றின் உயிரணுவுக்கோ அத்திறம் பெரும்பாலும் குறைவு. மேலும், எல்லா உயிரணுக்களும் ஒரே நேரத்தில் பிரிவதில்லை. இன்று தப்பியது நாளை அகப்படும். வயலில் களை எடுக்கும் உழவரைக் கேளுங்கள். பயிர் ஊடே உள்ள களையை ஒரே நாளில் மண்ணோடு கொத்திப் புரட்டினால் பயிரும் போகும். பக்குவம் பார்த்துத் திரும்பத் திரும்ப எடுத்தால் களை ஒழியும், பயிர் நிற்கும். ஆனால் பாதியில் விட்டால்? எஞ்சிய களை முன்னிலும் விரைந்து தழைக்கும். புற்றும் அப்படியே. சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் எஞ்சிய புற்றணுக்கள் விரைவாகப் பெருகத் தொடங்கும் என்பதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். புண் சுருங்கியது கண்டு அத்தை நோய் நீங்கியதென்று நினைத்தார். கண்ணுக்குத் தெரிந்த புண்தான் சுருங்கிற்று. கண்ணுக்குத் தெரியாதது காத்திருந்தது.

முறை கிடைத்தது, ஆனால் கருவி எல்லோருக்கும் கிடைக்கவில்லை. ரேடியம் அரிய பொருள். 1921-இல் அமெரிக்கப் பெண்கள் பொருள் திரட்டி மேரி கியூரி அம்மையாருக்கு ஒரு கிராம் ரேடியத்தைப் பரிசளித்தபோது அதன் விலை ஒரு லட்சம் டாலர். எக்ஸ் கதிரோ, அன்றைய கருவிகளிலிருந்து உடலின் ஆழத்தை எட்டுமுன் மேல்தோலைப் புண்ணாக்கிவிடும்.

இக்குறையைத் தீர்த்தது கோபால்ட். சாதாரணக் கோபால்ட் உலோகத்தை அணு உலையில் நெடுநாள் வைத்திருந்தால், அது நியூட்ரானை ஏற்றுக் கோபால்ட்-60 ஆக மாறி வலிமை மிக்க காமாக் கதிரை வீசுகிறது. கனடாவின் சாக் ரிவர் அணு உலையில் இவ்வாறு ஆக்கப்பட்ட கோபால்ட்டைக் கொண்டு, 1951 அக்டோபர் 27-ஆம் நாள், அந்நாட்டின் லண்டன் நகரில் முதன்முதலாகப் புற்றுநோயாளிக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. அடுத்த மாதமே சாஸ்கட்டூன் நகரில் ஹாரல்ட் ஜான்ஸ் என்ற பௌதிகப் பேராசிரியரின் குழுவினர் தாங்கள் அமைத்த கருவியால் சிகிச்சை தொடங்கினர். எத்தனை ஆழத்தில் எவ்வளவு கதிர் சேரும் என்று பொறுமையோடு அளந்து அட்டவணைகள் தயாரித்தவர்களுள், அப்போது மாணவியாக இருந்த சில்வியா ஃபெடொருக் குறிப்பிடத்தக்கவர். பிற்காலத்தில் அவர் தம் மாகாணத்தின் துணை ஆளுநராகவும் விளங்கினார். அணுவைப் பிளந்து நகரங்களை அழித்த அதே பத்தாண்டைத் தொடர்ந்து, அணு உலையிலிருந்தே உயிர் காக்கும் கருவி பிறந்ததை வரலாற்று மாணவர் மறத்தல் கூடாது.

1953-இல் இங்கிலாந்தின் லண்டனில் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையிலும், 1956-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டிலும் மின்னணுக்களை விரைவுபடுத்திக் கதிர் உண்டாக்கும் நேர்கோட்டு முடுக்கிகள் சிகிச்சைக்கு வந்தன. ஸ்டான்ஃபோர்டில் முதலில் சிகிச்சை பெற்றவன் கண்ணில் புற்றுற்ற இரண்டு வயதுக் குழந்தை. அவன் பார்வை காக்கப்பட்டது. இன்று பெரிய மருத்துவமனைகளில் காணப்படுவது பெரும்பாலும் இவ்வகைக் கருவியே. கணிப்பொறியின் துணையால் கட்டியின் வடிவத்துக்கேற்பக் கதிர்க்கற்றையை வடிவமைத்துச் செலுத்துகின்றனர்.

நம் நாட்டிலும் இப்பணி நடந்தது. பம்பாயில் 1941-இல் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கை புற்றுநோயால் மாண்டார். அத்துயரத்தை அம்மையார் மறக்கவில்லை. தாமே மருத்துவராயிருந்தும் காப்பாற்ற இயலாமற்போன வேதனை, பிறர் வீட்டில் அது நேரலாகாது என்ற உறுதியாக மாறியது. 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, அடையாற்றில் புற்றுநோய் நிலையம் 1954-இல் சிறு அளவில் தொடங்கப்பட்டது. அது இன்று எத்தனை குடும்பங்களுக்குப் புகலிடம் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை.

புற்றுநோய் கண்டவர்களுள் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஏதேனும் ஒரு கட்டத்தில் கதிர் சிகிச்சை தேவைப்படுகிறது. கதிரின் அளவுக்கு இன்று ‘கிரே’ என்று பெயர். பொதுவாக நாளொன்றுக்கு 2 கிரே, வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து முதல் ஏழு வாரம் என்பது நெடுநாள் வழக்கம். மார்பகப் புற்று முதலிய சிலவற்றுக்கு நாள்களைக் குறைத்து, ஒவ்வொரு நாளின் பங்கைச் சிறிது கூட்டி அளிப்பதும் ஆராய்ந்து நிலைநாட்டப்பட்டுள்ளது. எத்தனை நாள் என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவரேயன்றி, நாமோ நம் அண்டை வீட்டாரோ அல்லர். எல்லாப் புற்றையும் கதிர் தீர்த்துவிடும் என்றும் நான் கூறமாட்டேன். அறுவையும் மருந்தும் கதிரும் கூடியே பல நோய்களை வெல்கின்றன. சில வேளைகளில் வலியைத் தணிப்பதே கதிரால் ஆகக்கூடியது. மற்றொரு வீண் அச்சத்தையும் நீக்க வேண்டும். வெளியிலிருந்து கருவியால் கதிர் பெற்றவர் உடலில் கதிர் தங்குவதில்லை. அவர் தம் பேரக் குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக் கொஞ்சலாம்.

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், என் பள்ளியில் இரவுக் காவலராக இருந்தவருக்குத் தொண்டையில் புற்று கண்டது. மூன்றாம் வாரத்தில் அவர் மருத்துவமனையை விட்டு வந்து என் அறை வாசலில் நின்றார். “ஐயா, தண்ணீர்கூட இறங்கவில்லை. பாதி வைத்தாயிற்று, இது போதும் என்று பார்க்கிறேன்” என்றார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் என் அத்தை சொன்ன சொற்களே அவை. இம்முறை என்னிடம் விடை இருந்தது. அவரை உட்காரவைத்து, பிரெஞ்சு நாட்டு அறிஞரின் ஆட்டுக்கிடாவைப் பற்றிச் சொன்னேன். அவர் ஆடு வளர்த்தவர், உன்னிப்பாகக் கேட்டார். “அப்படியானால் விட்ட இடத்தில் களை முளைத்துவிடும் என்கிறீர்கள்” என்றார். வாய்ப்புண்ணுக்கு மருந்தும், மென்மையான உணவும், தேவையானால் குழாய் வழி ஆகாரமும் தருவார்கள், மருத்துவரிடம் வேதனையை மறைக்காமல் சொல்லுங்கள் என்று கூறி, மறுநாள் காலைப் பேருந்தில் நானே உடன் சென்று விட்டுவந்தேன். அவர் எல்லா நாள்களையும் முடித்தார். இன்றும் நலமாக இருக்கிறார். அவரைக் காத்தவர்கள் மருத்துவர்களும் செவிலியர்களுமே; நான் செய்தது, பாதி வழியில் திரும்பியவரை மீண்டும் அனுப்பியது மட்டுமே.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பெரியவர் ஒரு நாள் உங்களை அழைத்து, “கரண்டை ஏன் கொஞ்சம் கொஞ்சமாக வைக்கிறார்கள்?” என்று கேட்கக்கூடும். என்னைப் போல் விடையின்றி நிற்காதீர்கள். நல்ல சதை பிழைப்பதற்காகத்தான் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள் என்று சொல்லுங்கள். கடைசிப் பங்கு வரை பெற்றால்தான் முதற்பங்குக்கும் பயன் உண்டு என்று சொல்லுங்கள். இந்த ஒரு விடையைக் கண்டறிய அறிஞர் பலர் தம் கைகளையும் உயிரையும் கொடுத்தனர். அதை அறிந்து பிறருக்கு எடுத்துச் சொல்வது நமக்கு அரிதன்று.